நான் எதுல அமுக்குனேன்னு தெரிஞ்சிடுமா?

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் ஆயா ஒரு நாள் கூடையைத் திண்ணையில் இறக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏம்மா டீச்சர், நான் எதுல அமுக்குனேன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

யாருக்கு என்றேன்.

"அதான், கட்சிக்காரங்க நோட்டு எடுத்துகினு வந்து வீட்டுல எத்தினி ஓட்டுன்னு எழுதிகினு போனாங்களே, அவங்களுக்கு. மிஷின்லயே போட்டோ புடிக்குதாமே."

எத்தனையோ தேர்தலில் ஓட்டுப் போட்டவர் ஆயா. இத்தனை வருஷமாக இந்தப் பயத்தோடுதான் உள்ளே போய் வந்திருக்கிறார். அதே கேள்வியை என்னிடம் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். நான் பள்ளி ஆசிரியை. எலக்‌ஷன் டியூட்டிக்குப் பல முறை போயிருக்கிறேன், வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் புதிதாக ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கும், பல வருஷமாகப் போட்டும் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாதவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது. முதலமைச்சரையோ பிரதமரையோ நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நம் தொகுதிக்கு ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம். தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 234 தொகுதிகள். அதில் பாதியைத் தாண்டி 118 பேரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவர் முதலமைச்சர் ஆகிறார். டெல்லியில் மக்களவைக்கு 543 பேர், அங்கே 272 வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் 39 பேர்.

தொகுதி என்பது மாவட்டம் இல்லை, ஊராட்சி இல்லை, தாலுகாவும் இல்லை. ஓட்டுக்காகவே தனியாகப் போட்ட எல்லை. இதற்கு எங்கள் வீடே உதாரணம். நாங்கள் இருப்பது காட்பாடி. மாவட்டம் வேலூர். குப்பை அள்ளுவதும் தண்ணீர் விடுவதும் வேலூர் மாநகராட்சி. சட்டமன்றத் தொகுதி காட்பாடி. ஆனால் நாடாளுமன்றத் தொகுதி வேலூர் இல்லை, அரக்கோணம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஐந்து நிமிஷத்தில் வேலூர் போய்விடலாம்; அங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு எம்.பி., எங்களுக்கு வேறொரு எம்.பி. வேலூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் வருகின்றன. எங்கள் காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம், திருத்தணியோடு சேர்ந்து அந்தப் பக்கம் போகிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். அப்போதும் தொகுதி எல்லைகள் மாறவில்லை. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டம், ஓட்டு மட்டும் வேலூர் எம்.பி.க்கு.

தனித் தொகுதி பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. குடியாத்தமும் கே.வி.குப்பமும் தனித் தொகுதிகள். அங்கே பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மட்டுமே வேட்பாளராக நிற்கலாம். ஓட்டுப் போடுவது எல்லோரும்தான். "தனித் தொகுதின்னா எங்களுக்கு ஓட்டு இல்லையா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டபோதுதான், இதைக்கூட நாம் வகுப்பில் சரியாகச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டேன்.

ஜெயிப்பதற்குப் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். நிற்கிறவர்களில் யாருக்கு அதிகமோ அவர் வென்றார். 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க. வேட்பாளர் கதிர் ஆனந்த் வாங்கியது 4,85,340. இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற ஏ.சி.சண்முகம் வாங்கியது 4,77,199. வித்தியாசம் 8,141. மற்றவர்களுக்கு விழுந்ததையும் சேர்த்துப் பார்த்தால் வென்றவருக்குப் பாதி ஓட்டு இல்லை. இருந்தாலும் வெற்றி வெற்றிதான். சுமார் ஆயிரத்து ஐந்நூறு சாவடிகளுக்கு அந்த 8,141ஐப் பங்கிட்டால் ஒரு சாவடிக்கு ஐந்து ஓட்டு சொச்சம் வருகிறது. ஒரே வீட்டில் ஐந்து ஓட்டு இருக்கிற குடும்பங்கள் குடியாத்தம் நெசவாளர் தெருக்களில் எத்தனையோ உண்டு.

எதிலும் விருப்பமில்லை என்றால் கடைசிப் பொத்தான் நோட்டா. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013இல் வந்தது. அது எத்தனை விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர்தான் வெற்றி. மொத்தச் செல்லுபடி ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவர்களுக்கு டெபாசிட் போய்விடும்.

இனி வோட்டர் லிஸ்ட். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். எங்கள் அப்பா குடியாத்தத்தில் இருந்தவர். அம்மா போன பிறகு எங்களோடு காட்பாடிக்கு வந்துவிட்டார். தேர்தல் அன்று வெள்ளை வேட்டி சட்டை போட்டு, வாக்காளர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இங்கே இருக்கிற சாவடிக்குப் போனார். பட்டியலில் பேர் இல்லை. குடியாத்தத்தில் இருக்குமே என்று அங்கே இருக்கிற சித்தப்பாவிடம் போனில் கேட்டால், வீடு மாறிப் போனவர் என்று அங்கேயும் நீக்கியிருந்தார்கள். விலாசம் மாற்ற மனு கொடுக்க வேண்டும் என்பது எலக்‌ஷன் டியூட்டி பார்க்கிற எனக்கே தோன்றவில்லை. அட்டை கையில் இருந்தும் அப்பா ஓட்டுப் போடாமல் திரும்பினார். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

அட்டை என்பது நீங்கள் யார் என்று காட்ட மட்டும். ஓட்டுரிமையைத் தருவது பட்டியலில் இருக்கிற பேர். பேர் இருந்து அட்டை இல்லையென்றால்கூட ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், நூறு நாள் வேலை அட்டை என்று ஏதாவது ஒன்றைக் காட்டிப் போடலாம். பேர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, வீடு மாறினாலோ பேரில் பிழை இருந்தாலோ படிவம் 8, பேர் நீக்கப் படிவம் 7. முன்பு ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று ஒரே தேதிதான். இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முதல் தேதிகள் கணக்கு. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே மனு கொடுத்து வைக்கலாம். ஒவ்வொரு சாவடிக்கும் வாக்காளர் பட்டியலைக் கவனிக்க பி.எல்.ஓ. என்று ஒருவர் இருப்பார், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ. யாரென்று தெரியாவிட்டால் 1950 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

18 வயது என்பதுகூட பழைய விஷயம் இல்லை. 1989 வரை 21 வயது ஆனால்தான் ஓட்டு. ஆனால் ஆண், பெண், படித்தவர், படிக்காதவர், நிலம் உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவினை 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலிலேயே கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அப்போது மிக அதிகம். அதனால்தான் சின்னம் வந்தது. அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி, அதன் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

சரி, சாவடிக்குள் போவோம். ஆயாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

வாக்குப்பதிவுக்கு முதல் நாள் மத்தியானமே மிஷின்களை வாங்கிக்கொண்டு, குலுக்கல் முறையில் எங்களுக்கு வந்த ஊருக்குப் போய்விடுவோம். சொந்தத் தொகுதியில் டியூட்டி போட மாட்டார்கள். ஒரு முறை எனக்குக் குடியாத்தம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி வந்தது. ராத்திரி அங்கேயே படுக்கை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்து, ஐந்தரை மணிக்கெல்லாம் மாதிரி வாக்குப்பதிவு. கட்சிகளின் பூத் ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது ஐம்பது ஓட்டுப் போட வேண்டும். ஒவ்வொரு ஏஜென்ட்டும் பொத்தானை அழுத்த, எதை அழுத்தினார் என்று தாளில் குறித்துக்கொள்வோம். பிறகு எண்ணிப் பார்த்து, தாளோடும், விழுந்த ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் கருவியின் சீட்டோடும் சரிபார்ப்போம். சரியாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மொத்தம் பூஜ்யம் என்று எல்லோருக்கும் காட்டுவோம். அந்தச் சீட்டுகளுக்குப் பின்னால் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவோம். அப்புறம் சீல். பச்சைக் காகித சீலில் ஏஜென்ட்டுகள் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டு எதிரெதிர்க் கட்சி ஏஜென்ட்டுகள் ஒரே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குனிந்து, ஒருவர் பேனாவை ஒருவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டதை அன்று பார்த்தேன். கரண்ட் போயிருந்தது. மிஷின் பேட்டரியில் ஓடும், அதற்குக் கவலை இல்லை.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே வருகிறவருக்கு மூன்று மேஜை. முதல் அலுவலர் பட்டியலில் பேரைப் பார்த்து, வரிசை எண்ணையும் பேரையும் சத்தமாகப் படிப்பார். சத்தமாகப் படிப்பது ஏஜென்ட்டுகளுக்காக. ஊர்க்காரர்கள் என்பதால் ஆள் மாறி வந்தால் அவர்களுக்குத் தெரியும், ஆட்சேபம் சொல்லலாம். ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் டிக் போட்டுக்கொள்வார்கள். ஆயாவைப் போன்றவர்கள் பார்த்துப் பயப்படும் டிக் இது. இன்னார் வந்துவிட்டார் என்பதைத் தவிர அந்த டிக்கில் வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது மேஜையில் 17ஏ என்ற பதிவேட்டில் கையெழுத்து அல்லது கைநாட்டு, இடது கை ஆள்காட்டி விரலில் மை. மைசூரில் கர்நாடக அரசு ஆலையில் செய்யும் மை அது, 1962 தேர்தலிலிருந்து நம் விரல்களில் ஏறுகிறது. அங்கே ஒரு சின்னச் சீட்டு தருவார்கள். மூன்றாவது அலுவலர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, ஓட்டுகளைக் கணக்கு வைக்கும் கண்ட்ரோல் யூனிட்டில் ஒரு பொத்தானை அழுத்துவார். அப்போதுதான் மறைப்புக்குள் இருக்கிற, நீங்கள் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட் ஒரே ஒரு ஓட்டுக்குத் திறக்கும். ஓட்டு விழுந்ததும் மூடிக்கொள்ளும். நீங்கள் பத்து முறை அழுத்தினாலும் முதல் அழுத்தல் மட்டும்தான்.

அட்டை மறைப்புக்குள் நீங்கள் தனியாக இருப்பீர்கள். பேர், வேட்பாளர் படம், சின்னம், அதற்கு நேரே நீல நிறப் பொத்தான். அழுத்தினால் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அருகிலிருக்கிற விவிபேட் கண்ணாடிக்குள் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு ஏழு நொடி நிற்கும், பிறகு அறுந்து கீழே பெட்டிக்குள் விழும். நீளமாக ஒரு பீப் சத்தம். அது கேட்கும் வரை நகராதீர்கள். அவசரத்தில் லேசாகத் தொட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறவர்கள் நிறைய. அவர்களைத் திரும்ப அனுப்பி அழுத்தச் சொல்வது எங்களுக்குப் பெரிய வேலை. அந்தத் தொடக்கப் பள்ளியில் ஒரு அம்மா பீப் கேட்டதும் மறைப்புக்குள் நின்றே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

இப்போது ஆயாவின் கேள்வி. கண்ட்ரோல் யூனிட்டுக்கு உங்கள் பேர் தெரியாது. வரிசை எண்ணோ ஆதாரோ அதற்குள் போவதே இல்லை. எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்ற கூட்டுத்தொகையைத்தான் அது எண்ணும் நாளில் காட்டும். அன்று சாயங்காலம் வரை தலைமை அலுவலரான எனக்குக்கூட இதுவரை மொத்தம் எத்தனை என்ற ஒரே எண்தான் தெரியும். விவிபேட் சீட்டில் உங்கள் பேர் கிடையாது, பெட்டிக்குள் கலந்து விழுகிறது. உங்கள் கையெழுத்து இருக்கிற 17ஏ பதிவேட்டைத் தனியாக சீல் வைத்துவிடுவோம், நீதிமன்றம் சொன்னால்தான் பிரிக்கலாம். மிஷினில் இருக்கிற போட்டோ வேட்பாளருடையது. மிஷின் யாரையும் படம் பிடிப்பதில்லை. சாவடிகளில் கேமரா வைப்பார்கள். அது உள்ளே வருகிறவர்களையும் எங்கள் மேஜைகளையும் பார்க்கும், மறைப்புக்குள் பார்க்காதபடிதான் வைக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்பது பிறகு வெளியே தெரியும். ஒரு சாவடியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஆயிரத்தில் நமக்கு முந்நூறு விழுந்திருக்கிறது என்று கட்சிக்காரர் கணக்குப் போடலாம். அந்த முந்நூறில் ஆயா உண்டா இல்லையா என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை.

இதை ஆயாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ துட்டு வாங்கினவங்களும் மாத்திப் போட்டா தெரியாதா?" என்றார். தெரியாது ஆயா என்றேன். பணம் கொடுப்பவர் நம்பியிருப்பதே இந்தப் பயத்தையும், வாங்கிவிட்டோமே என்கிற நம் மனசாட்சியையும்தான். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை உண்டு. அதைவிட, கற்பூரத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற பணம், நம் ஏழ்மையையும் பக்தியையும் ஒருசேர விலைக்கு வாங்குகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நம் வேலூருக்கு இதில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. 2019 ஏப்ரல் 18 அன்று தேர்தல். அதற்கு முன் வருமான வரித்துறைச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் பிடிபட்டது. தேர்தல் ஆணையம் பரிந்துரைக்க, இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவர் வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே ரத்து செய்தார். மக்களவைத் தேர்தல் அறிவிக்கையைப் பிறப்பிப்பவர் குடியரசுத் தலைவர் என்பதால் ரத்தும் அவர் பெயரில்தான் வர வேண்டும். பணத்துக்காக ரத்தான முதல் நாடாளுமன்றத் தொகுதி இந்தியாவிலேயே நம்முடையது. அதற்கு முன் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே.நகர் என்று சட்டமன்றத் தொகுதிகள் ரத்தாகியிருந்தன.

ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் அதே நாளில் சட்டமன்ற இடைத்தேர்தலும் இருந்தது. அது ரத்தாகவில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஏப்ரலில் எம்.எல்.ஏ.வுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, ஆகஸ்ட் 5 அன்று எம்.பி.க்கு மறுபடி வந்து நின்றார்கள். ஒரே ஊர், ஒரே வாக்காளர் என்றாலும் ஒவ்வொரு தேர்தலும் சட்டப்படி தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை.

மாலையில் ஓட்டு முடியும் நேரம் ஆனாலும் வரிசையில் நிற்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்னோக்கி டோக்கன் கொடுத்துக்கொண்டு வருவோம், அப்போதுதான் பின்னால் யாரும் புதிதாகச் சேர முடியாது. உங்கள் ஓட்டை யாராவது முன்பே போட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள். டெண்டர் ஓட்டு வேண்டும் என்று தலைமை அலுவலரிடம் கேளுங்கள், காகிதச் சீட்டு கொடுப்பார்கள். வழக்கு வந்தால் அது பேசும். 85 வயதைத் தாண்டியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் முன்கூட்டியே விண்ணப்பித்தால் வீட்டிலேயே போடலாம்.

முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு, மிஷின் எண் என்ன, சீல் எண் என்ன என்று 17சி படிவத்தில் எழுதி ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் நகல் கொடுப்போம். எண்ணுகிற நாளில் அவர்கள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, இதே மிஷினா, இதே எண்ணிக்கையா என்று பார்ப்பார்கள். எண்ணிக்கை காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டோடு தொடங்கும். டியூட்டிக்குப் போன எங்களைப் போன்றவர்களின் ஓட்டும் அதில் இருக்கும். பிறகு மேஜை மேஜையாக மிஷின்கள், சுற்றுச் சுற்றாக. கடைசியில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து சாவடிகளைக் குலுக்கலில் எடுத்து, விவிபேட் சீட்டுகளைக் கையால் எண்ணி மிஷினோடு ஒப்பிடுவார்கள். 2021இல் எங்கள் காட்பாடியில் துரைமுருகன் பல சுற்றுகள் பின்தங்கியிருந்து 746 ஓட்டில் வென்றார். அன்று எங்கள் தெருவில் டி.வி.யை அணைத்தவர் யாருமில்லை.

உள்ளாட்சித் தேர்தல் இதிலிருந்து வேறு. அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். மாநகராட்சிக்குள் இருக்கிற எங்களுக்கு வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு, கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம ஊராட்சியில் இருக்கிற ஆயாவுக்கு நாலு ஓட்டு, அதுவும் காகிதச் சீட்டு. முத்திரையைக் குத்தி, மை அடுத்த சின்னத்தில் ஒட்டாதபடி மடித்துப் பெட்டியில் போட வேண்டும். 2021 அக்டோபரில் நம் பக்கத்து மூன்று மாவட்டங்களிலும் நடந்ததே, அதில் ஆயாவும் போட்டிருக்கிறார். வார்டில் சில நூறு பேர், நிற்பவர்கள் சொந்தக்காரர்கள், தெரிந்துவிடுமோ என்ற பயம் அங்கேதான் மிக அதிகம். நிறங்களை நான் விளக்க ஆரம்பித்ததும் ஆயா கையமர்த்திவிட்டு விரல்விட்டு எண்ணினார். "வெள்ளை வார்டு மெம்பருக்கு, ரோஸ் தலைவருக்கு, பச்சை யூனியனுக்கு, மஞ்சா மாவட்டத்துக்கு. இது எனக்குத் தெரியும்மா டீச்சர், கூடையைத் தூக்கி வுடு."